துணி மூடிய கூழ்க்கூடை

1986, ஆடி மாதம். காலை ஏழு மணிக்குத் திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். ஓர் ஊர் தன் உணவைத் தானே எப்படி விளைத்துப் பகிர்ந்துகொள்கிறது என்பதுதான் எங்கள் வகுப்பில் அந்தப் பருவத்துப் பாடம். பாதி கரும்பலகையில், மீதி வயலில். விழுப்புரத்தில் செஞ்சி பஸ்ஸுக்கு மாறினேன். டிக்கெட் ஒரு ரூபாய் அறுபது காசு, உட்கார இடமில்லை. பையில் ஆசிரியர் கொடுத்தனுப்பிய கைத்தராசைப் பார்த்த கண்டக்டர், "இன்னாம்மா, மீன் விக்கப் போறியா?" என்றார்.

மண்டகப்பட்டுக்குப் பக்கத்துச் சிற்றூரில் கன்னியம்மா அக்கா வீட்டில் ஒரு வாரம். அவருடைய கிணறு வற்றி, கேப்பை பொய்த்துப் போயிருந்தது. பக்கத்து நிலத்தில் இருவரும் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களை வெட்டினோம். எனக்குக் கை கொப்புளித்ததுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மனுக்குக் கூழ். சனிக்கிழமை வீடு வீடாகக் கேப்பை மாவு வாங்குவார்கள். "ஒவ்வொரு வீடும் தருவதை நிறுக்கணும் அக்கா, அதுதான் என் பாடம்" என்று வெள்ளிக்கிழமையே பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் அக்கா எந்திரக்கல் முன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நொச்சி இலை போட்டு மூடிவைத்திருந்த விதைப்பானை, வாய் திறந்து கிடந்தது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். இவரோ விதையை அரைக்கப் போகிறார்.

"இன்னாக்கா இது?"

"எப்பவும் கூடய துணி போட்டு மூடிக்கினு வருவாங்க. உள்ள கைய வுட்டுப் போடுவோம். யாரு எவ்ளோ போட்டாங்கன்னு ஆத்தாளுக்குத்தான் தெரியும். இந்த வாட்டி நீ நிறுக்கறேன்ற. வெறுங்கையா நின்னா பேஜாரா பூடுமே!"

தராசைப் பையில் திணித்தேன். "மொத்தமா நிறுத்துக்கிறேன்க்கா. மூடி வைங்க."

அக்கா பானையை மூடினார். கூடை வந்தது. சுமந்து வந்த பட்டம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நீட்டினார். அக்காவின் கை துணிக்குள் போய் வந்தது. "வயிறு நெறையட்டும்" என்று எல்லா வீட்டுக்கும் சொன்னதையே இங்கும் சொல்லிவிட்டுப் பட்டம்மா நகர்ந்தார். மறுநாள் அக்கா இரண்டு சொம்பு கூழ் குடித்தார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

திங்கட்கிழமை பஸ்ஸில் திரும்பும்போது என் வீட்டை நினைத்துக்கொண்டேன். விருந்தாளி என்ன வாங்கி வந்தார் என்று அவர் தெருமுனை தாண்டுமுன் பேசி முடித்திருப்போம்.

வகுப்பில் ஆசிரியர் கேட்டார்: "மொத்தக் கணக்கு சரி. தராத வீடு எத்தனை?"

"ஒன்றுகூட இல்லை சார். எல்லா வீட்டுக் கையும் கூடைக்குள் போனது."