கார்குழலிக்குக் கிடைத்த வீடு

கெங்கம்மா இருபத்திரண்டு வருஷம் திருவொற்றியூர்க் கால்வாய்க் கரைக் குடிசையில் இருந்தவள். பக்கத்துக் குடிசை கார்குழலியுடையது. நடுவில் ஒரே தட்டிதான். கரையைக் காலி செய்யப்போவதாகச் சொல்லி அதிகாரிகள் வீடு வீடாகப் படம் பிடித்துக் கைரேகை எடுத்த அன்று, கெங்கம்மா காலில் ஆபரேஷன் ஆன புருஷனோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "வந்தாங்கன்னா எங்க வூட்டையும் சொல்லு" என்று கார்குழலியிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். சொன்னேன், அவர்கள் காதில் வாங்கவில்லை என்றாள் கார்குழலி. அவள் சொன்னாளா என்பது இன்றுவரை கெங்கம்மாவுக்குத் தெரியாது.

அரசு மானியத்தில் கட்டிய ஒன்பது மாடிக் குடியிருப்பில், நான்காம் மாடியில் கார்குழலிக்கு வீடு கிடைத்தது. பட்டியலில் பெயர் இல்லாத கெங்கம்மா இரண்டு தெரு தள்ளித் தகரக் கூரை அறையில் வாடகைக்குப் போனாள். அங்கன்வாடி டீச்சரான அவளை அதே குடியிருப்பின் தரைத்தளத்து மையத்துக்கு மாற்றியபோதுதான் வயிற்றெரிச்சல் முற்றியது. தினமும் அண்ணாந்தால் கார்குழலியின் கொடியில் புடவை காயும். அது நம் புடவை காய வேண்டிய கம்பி என்று தோன்றும். அப்போது பிள்ளைகளுக்குச் சாதம் பிசையும் கைகூட வேகமாகப் போகும்.

பிறகு அருகிலேயே ஒரு கல்லூரி திறந்தார்கள். வெளியூர்ப் பையன்கள் அறை தேடி அலைந்தார்கள். வீடு பெற்றவர்கள் சத்தமில்லாமல் அவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு உறவுக்காரர் வீடுகளில் ஒண்டிக்கொண்டார்கள். கார்குழலியும் மீஞ்சூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த வருஷம் கணக்கெடுப்புக்குக் கெங்கம்மா மாடி ஏறினாள். கதவைத் தட்டினால் அரும்பு மீசை முகங்கள். "அஞ்சு வயசுக்குள்ள கொழந்தைங்க கீதாப்பா?" என்று கேட்டால் சிரித்தார்கள். மையத்தில் முப்பத்தொரு பிள்ளைகள் இருந்த இடத்தில் பதினொன்றுதான் மிஞ்சியது. இன்னும் குறைந்தால் மையத்தை மூடிவிடுவோம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை கெங்கம்மா பெயர் போடாமல் ஒரு மனு எழுதினாள். மாணவர்கள் குடியிருந்த வீடுகள் நாற்பதுக்கு மேல் இருந்தன. அவள் எழுதியது ஒரே ஒரு கதவு எண்ணை.

பத்து நாளில் நோட்டீஸ் வந்தது. ஒதுக்கீடு பெற்றவர் உடனே வந்து குடியேறாவிட்டால் வீடு ரத்து. கார்குழலி மூச்சு வாங்க மையத்துக்கு ஓடி வந்தாள்.

"யக்கா, வூடு பூடும் போல கீதுக்கா. இன்னா பண்றது?"

"பசங்கள காலி பண்ணிட்டு நீயே வந்து குந்து."

"பொண்ணு அங்க ரெண்டு கொழந்தைய வெச்சிகினு தனியா கீறா. எப்பிடிக்கா வுட்டு வர்றது?"

"அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்" என்றாள் கெங்கம்மா. சொல்லும்போது நாக்கு இனித்தது. வீடு போய்விடும் என்றே நினைத்தாள்.

போகவில்லை. கார்குழலி மகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே வந்துவிட்டாள். மகளுக்கு அந்தக் கல்லூரி கேன்டீனிலேயே வேலை கிடைத்தது. ஜூன் மாதம் கார்குழலி இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு மையத்தில் சேர்க்க வந்தாள்.

"எந்தக் கஸ்மாலம் எழுதிப் போட்டுச்சோ, அது நல்லா இருக்கட்டும்க்கா. பொண்ணும் பசங்களும் இப்ப என் கூடவே கீறாங்க."

கெங்கம்மா பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. பதினொன்று பதிமூன்றாகிறது. மையம் இந்த வருஷம் தப்பிக்கும். அதில் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. குடிசையைப் பிரித்தபோதும் இவளுக்குத்தான் நல்லது நடந்தது, நாம் போட்ட மனுவிலும் இவளுக்குத்தான் நல்லது நடக்கிறது என்று நெஞ்சு காந்தியது.

"சின்னவன் பொறந்த தேதி சொல்லு" என்றாள்.