குச்சுக்குள் போன சார்ட்

பச்சைத் தென்னங்கீற்றின் வாடையும் இந்தியன் இங்க்கின் வாடையும் கலந்தால் என்ன மணம் வரும் என்று அறிந்தவர்கள் இந்த மாவட்டத்தில் அதிகம் இருக்க மாட்டார்கள். எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கையில், கால் நீட்டினால் ஓலையில் இடிக்கும் ஒரு குச்சுக்குள் அந்த மணத்தை முகர்ந்துகொண்டு, வெளியே என் கதி பேசப்படுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஆண்டு புதுக்கோட்டையில் மாணவர்களுக்குப் புள்ளிவிவரச் சுவரொட்டிப் போட்டி ஒன்றை அறிவித்திருந்தார்கள். எங்கள் பள்ளியில் வகுப்புக்கு எத்தனை பெண்பிள்ளைகள் என்பதைப் பட்டை வரைபடமாக்குவது என்று நானும் சகாயமேரியும் முடிவு செய்தோம். அவள் ஆவூர்க்காரி, அவள் அப்பா எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்த ஆசிரியர். ஒன்பதாம் வகுப்பில் பெண்கள் என்று நாங்கள் இருவர்தான், ஆகவே குழு அமைப்பதில் தகராறு எழவில்லை. தலைமையாசிரியர் நடைமுறைப் பித்தில், பின்னாளில் அரசு அலுவலரான என்னையே மிஞ்சியவர்: வெளியாளிடம் வரைந்து வாங்கித் தாளை மாற்றிவிடக் கூடாது என்று, வெற்றுச் சார்ட்டின் அடியிலேயே பள்ளி முத்திரையைக் குத்திக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். குழுவுக்கு ஒரு சார்ட். கிழிந்தாலும் நனைந்தாலும் மாற்று கிடையாது.

ஆறாம் வகுப்பின் பட்டை நெடிதாக எழுந்தது. அடுத்தடுத்தவை இறங்கி இறங்கி, ஒன்பதில் தரையோடு ஒட்டின. பத்துக்கு வெறும் அடிக்கோடு. வீட்டுத் தரையில் சார்ட்டை விரித்து, அதன் ஓரத்திலேயே உட்கார்ந்து, ஒன்பதாவது பட்டைக்கு மை தொட்டபோதுதான் நான் "பெரிய மனுஷி" ஆனேன். எங்கள் வீட்டில் சடங்கு விதிகளின் முழு அதிகாரமும் அப்பாவின் அக்காவிடம் இருந்தது. அத்தை சார்ட்டை ஒரு பார்வை பார்த்தார்.

"அது மேலதான உக்காந்திருந்தா? அதுவும் தீட்டுதான். உள்ள தூக்கிப் போட்டுக்க."

தாய்மாமன் முற்றத்து மூலையில் குச்சுக் கட்டினார். நானும் சார்ட்டும் உள்ளே போனோம். தட்டு தனி, பாய் தனி, தொடுவதற்கு ஆள் இல்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில் குச்சைப் பிரித்து எரிப்பார்கள். உள்ளே புழங்கிய சாமான்களும் கூடவே எரியும்.

வேறு வேலை இல்லாததால் வரைந்து முடித்தேன். ஓலை இடுக்கு வழியாக வெளிச்சம் பட்டை பட்டையாகச் சார்ட்டின் மேல் விழும். எது என் கோடு, எது வெயிலின் கோடு என்று குழம்பும். ஆறாம் வகுப்பில் இருந்த பெண்கள் பிறகு எங்கே போனார்கள் என்று எழுத வரைபடத்தில் இடமில்லை. நானோ அந்த விடைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மாலை, ஓலைக்கு அப்பால் அப்பா மாமாவிடம் சொன்னார்: "படிச்சது போதும் மாப்ள. இனிமே அங்கிட்டு ரோட்டுல தனியா நடந்து போறதெல்லாம் சரிப்படாது. சடங்கு முடியட்டும், நிறுத்திப்புடுவோம்."

மாமா வெற்றிலை குதப்பும் சத்தம் கேட்டது. குச்சுக்குள் இருப்பவளின் கருத்தைக் கேட்கும் நடைமுறை அன்று இல்லை.

தண்ணீர் ஊற்றும் நாள் காலையில் சகாயமேரி வந்து நின்றாள். மறுநாள் போட்டி.

"சார்ட்டக் குடுங்க அத்தை, அப்பா பஸ்ஸுல கொண்டு போறாங்க."

"குச்சுக்குள்ள போனது குச்சோட எரியணும். ஒனக்கு வேணும்னா வேற ஒண்ணு எழுதிக்க."

"வேற எழுத முடியாதுங்க. இதுலதான் சீல் இருக்கு."

அந்தச் சொல் அப்பாவைக் கயிற்றுக்கட்டிலிலிருந்து எழுப்பியது. நிலத்துக் கணக்கில் யாரோ செய்த பிழைக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தவர் அவர். அன்று முதல் முத்திரை விழுந்த காகிதம் எதுவானாலும் அவருக்குச் சர்க்கார் கணக்குதான்.

"சீல் போட்டத எரிக்கிறதா? வெளையாடுறீங்களாக்கா?"

அத்தை சற்று யோசித்தார். "அப்ப மஞ்சத்தண்ணி தெளிச்சுக் குடுப்போம். சர்க்காருக்குத் தீட்டு ஒட்டிறக் கூடாதுல்ல."

தெளித்து, கொடியில் காயப்போட்டார்கள். மாமா அதன்முன் நின்றார்.

"என்ன புள்ள இது, கொளத்துப் படித்தொற மாதிரி எறங்குது?"

"வகுப்புக்கு எத்தன பொம்பளப் புள்ளைகன்னு கணக்குங்க," என்றாள் சகாயமேரி.

"இந்தக் கடைசிக் குட்டப் படி?"

"ஒம்பதாவது. ரெண்டே பேரு. நானும், உள்ள இருக்காளே அவளும்."

 பிறகு அப்பாவின் குரல் கேட்டது.

"ரெண்டுன்னு எழுதி, சீலும் போட்டு அனுப்புறோம். அப்புறம் நாம ஒண்ண நிறுத்திப்புட்டா?"

எனக்குச் சகாயமேரியின் பாவாடை ஓரம் மட்டுமே தெரிந்தது. குரலில் சிரிப்பு துளியும் இல்லை.

"பொய்க்கணக்காயிருங்க. யாரு குடுத்தான்னு கேப்பாங்க."

"எதுக்கு மச்சான் வம்பு?" என்றார் மாமா. "போயிட்டுப் போறா."

அன்று குச்சு எரிந்தது. அடுத்த வாரம் நான் பள்ளிக்குப் போனேன். பரிசு கிடைக்கவில்லை, மஞ்சள் கறைக்காகத் 'தூய்மை' என்ற தலைப்பில் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்களாம். விதிப்படி சரிதான்.

பின்னாளில் புள்ளியியல் அலுவலகத்தில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை சரியான கணக்குகளாக மேலே அனுப்பிக்கொண்டிருந்தேன். அவற்றைப் பார்த்து எவரும் எதையும் மாற்றியதாக நினைவில்லை. எந்தச் சட்டத்திலும் செல்லாத அந்த ஒரு முத்திரைக்குத்தான் ஒரு மனிதர் கட்டுப்பட்டார். நான் உத்தியோகத்துக்கு வந்த பிறகும் அப்பா கேட்பார்: "அந்தக் கணக்கு இன்னும் அங்க இருக்குமா?" இருக்கும்ப்பா என்பேன்.

அண்மையில் அதே மாதிரிப் போட்டி ஒன்றுக்கு நடுவராக அழைத்திருந்தார்கள். போகும் வழியில் ஒரு மண்டப வாசலில் பூப்புனித நீராட்டு விழாவுக்கு ஆளுயர பிளக்ஸ் வைத்திருந்தார்கள். குச்சும் இல்லை, எரிக்க ஓலையும் இல்லை. போட்டியிலும் மை வாடை போய்விட்டது, எல்லாம் கணினியில் அச்சடித்தவை. ஒரு சுவரொட்டியின் அடிப்பக்கத்தை நான் குனிந்து பார்க்க, அதைச் செய்த மாணவி பதறிவிட்டாள்.

"என்ன மேடம் தேடுறீங்க?"

"எங்க காலத்துல இங்க ஒரு சீல் இருக்கும்மா."

"எதுக்கு மேடம்?"

"தாள் மாறிறக் கூடாதுன்னு," என்றேன். விதியில் அவ்வளவுதான் இருந்தது.