கன்ட்ரி குகனின் மிச்ச ஏற்புரை

குகன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ரொறன்ரோவுக்குப் பக்கத்து அஜக்ஸ் நகரில், மகள் வீட்டில் இருந்தேன். தொலைபேசியில் சொன்ன நண்பரிடம் "எந்தக் குகன்?" என்று கேட்டேன். ரொறன்ரோவில் குகன்களுக்குப் பஞ்சமில்லை. வீடு விற்கும் குகன், கேற்றரிங் குகன், ஒரே நேரத்தில் இரண்டு சங்கங்களுக்குத் தலைவராக இருக்கும் குகன் என்று பலர் இருக்கிறார்கள். "கன்ட்ரி குகன், அண்ணை. ஹார்ட். காலமை முடிஞ்சுது" என்றார். நான் உரத்துக் கத்தியிருக்க வேண்டும். மகள் அறையிலிருந்து ஓடிவந்து, "அப்பா, ப்ளீஸ்! பேபி இப்பத்தான் படுத்தவ" என்று வாயில் விரல் வைத்துக் காட்டினாள். மிகுதிச் செய்தியைக் கராஜுக்குள் போய் நின்று கேட்டேன்.

இறந்தவரைப் பற்றி நல்லதே எழுத வேண்டும் என்பது நம் வழக்கம். குகன் விடயத்தில் அது சிரமமான வேலையல்ல. அவரிடம் கெட்டதாக எதுவும் இருக்கவில்லை என்பதுதான் அவரைப் பற்றிய என் நீண்டகால முறைப்பாடு. அவரை அறிந்த உங்களிடம் மறைத்துப் பயனில்லை: எனக்கு அவர் மீது பொறாமை இருந்தது. மரியாதை என்று எழுதலாமா என்று முதலில் யோசித்தேன். நான் மரியாதை வைத்திருக்கும் மனிதர்கள் பலர் உண்டு. அவர்களை நினைத்து நான் ஒருநாளும் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழும்பியதில்லை.

நான் பதினொரு புத்தகங்கள் எழுதியிருக்கிறேன். குகன் ஓர் அல்பம் வெளியிட்டார். 'பதினெட்டுச் சில்லு' என்று பெயர், பதினெட்டுச் சக்கரப் பாரவண்டியை நினைத்து வைத்தது. ஒன்பது பாட்டுகள். கிற்றாரும் அகன்ற தொப்பியுமாக, அமெரிக்கக் கிராமத்துக்காரர்கள் பாடும் கன்ட்ரி இசையை அவர் யாழ்ப்பாணத் தமிழில் பாடினார். எவருடைய வீட்டிலும் சீடி போடும் கருவி இல்லாமற்போன காலத்தில் சீடியாக வெளியிட்டார். என் கணிப்பின்படி அது வெளியீட்டு மண்டபத்திலேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதில் நாலாவது பாட்டு, 'பிள்ளை நித்திரை, மெல்லக் கதையுங்கோ', அடுத்த தைப்பொங்கலுக்குள் நம்மவர்கள் நிறைந்த ஸ்காபரோவில் பாடாத வாய் இல்லை என்றாகிவிட்டது. கலியாண வரவேற்புகளில் மேசைக்கு மேசை அங்கிள்மார் எழும்பி நின்று, மெல்லக் கதைக்கச் சொல்லும் அந்த வரியைத் தொண்டை கிழியக் கத்துவதை நான் கேட்டிருக்கிறேன். என் புத்தகங்களிலிருந்து ஒரு வரியை யாரும் கத்தியதில்லை. முணுமுணுத்ததும் இல்லை. என் மனைவி சமைக்கும்போது முணுமுணுப்பது குகனின் பாட்டை.

அந்த வெளியீட்டு விழாவில் ஆய்வுரை நிகழ்த்தியவன் நான். நம் விழாக்களின் ஒழுங்கு உங்களுக்குத் தெரியும். விளக்கேற்றல், வரவேற்புரை, வாழ்த்துரைகள், ஆய்வுரை, சிறப்புப் பிரதி வழங்கல், எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் படைத்தவரின் ஏற்புரை. பாட்டை அன்றைக்குத்தான் வெளியிடுகிறார்கள் என்பதால் ஆய்வாளர் அதை முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நான் பாடல் வரிகள் அச்சிட்ட தாளைப் பார்த்து முக்கால் மணி நேரம் பேசினேன். அது நீளம் என்று இன்றும் நான் கருதவில்லை. முன்னுரையே அரை மணி நேரம்.

மார்க்கம் நகரில் ஒரு பெரிய வீட்டு வாசலில் தினமும் குரைக்கும் நாய் ஒருநாள் குரைக்காமல் விடுவதைப் பற்றிய பாட்டை, தாயகத்தின் மௌனம் என்று விளக்கினேன். நாலாவது பாட்டைப் பற்றி இரண்டு குற்றச்சாட்டுகள் வைத்தேன். ஒன்று, திருமணமாகாத ஒருவர் நித்திரை கொள்ளும் பிள்ளையைப் பற்றிப் பாடுவது அனுபவ வறட்சி. மற்றது, 'பிள்ளை நித்திரை, மெல்லக் கதையுங்கோ' என்பது கவிதை வரியல்ல. வீட்டில் பெண்கள் சொல்வது.

நான் அமர்ந்தபோது பாடசாலை மண்டபத்தின் காவலாளி விளக்குகளை ஒருமுறை அணைத்து மீண்டும் போட்டார். நேரம் முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளம். குகன் ஏற்புரைக்கு வந்தார். ஒவ்வொரு பாட்டும் எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆயத்தமாக வந்திருந்தார் போலும். தொப்பியைக் கழற்றி, "முதலாவது பாட்டு" என்றார். மண்டபம் இருண்டது.

வெளியே வாகனத் தரிப்பிடத்தில் என்னைத் தேடி வந்தார். கோபம் இல்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணை, என்ர ஏற்புரை உங்களிட்ட இருக்கு. எப்ப திருப்பித் தாறியள்?"

"என்ன தம்பி சொல்லுறீர்?"

"என்ர நேரத்தை நீங்கள்தானே எடுத்தனீங்கள். ஞாயிற்றுக்கிழமை கோப்பிக் கடைக்கு வாங்கோ. ஒவ்வொரு பாட்டாச் சொல்லுறன். ஒராளெண்டாலும் கேக்க வேணுமெல்லோ."

இப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. அவர் ட்ரக்கோடு அமெரிக்காவின் எந்த மூலையிலாவது இருக்கும் வாரங்கள் போக, மிச்ச வாரங்களில், ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் கோப்பிக் கடையில், மேடையில் நாலு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய உரையை நான் ஆறு வருடமாகக் கேட்டேன். பேச்சாளருக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனையை எந்த நீதிமன்றமும் விதித்திருக்காது.

முதலாவது பாட்டைப் பற்றி அவர் சொன்ன முதல் வசனம், "அது முழுப் பொய், அண்ணை." நெடுஞ்சாலை 401இல் பாரவண்டி ஓட்டும் தனிமையைப் பற்றிய பாட்டு அது. எழுதிய காலத்தில் அவர் ஓட்டியது பேக்கரிப் பாணை வீடு வீடாக விநியோகிக்கும் சிறிய வான் வண்டி. அதன் வானொலியின் குமிழ் உடைந்து, ஒரே ஒரு கன்ட்ரி நிலையத்தில் சிக்கிக்கொண்டிருந்தது. பல வருடம் விடியற்காலைகளில் அவர் வேறெதையும் கேட்கவில்லை.

"கேக்கக் கேக்க விளங்கிச்சுது, உது எங்கட ஆக்களின்ர பாட்டு. காணி போச்சு, அம்மாவை விட்டிட்டு வந்தாச்சு, கடவுள் பாத்துக்கொண்டிருக்கிறார், ஆனால் ஒண்டும் செய்யிறாரில்லை. மிச்சம் குடி."

"அப்ப ட்ரக்?"

"பாட்டு எழுதினாப் பிறகுதான் ட்ரக் லைசென்ஸ் எடுத்தனான். சொன்ன பொய்யை உண்மையாக்க வேணுமெல்லோ!"

நானும் பொய்கள் எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்றுக்காகக்கூட நான் எந்த உத்தியோகத்துக்கும் விண்ணப்பித்ததில்லை.

நாய்ப் பாட்டின் முறை வந்த ஞாயிறு நான் கொஞ்சம் எதிர்பார்ப்போடு போனேன். தாயகத்தின் மௌனம் என்ற என் விளக்கத்தைப் பின்னர் இரண்டு பேர் தங்கள் கட்டுரைகளில் எடுத்தாண்டிருந்தார்கள். குகன் நிதானமாகக் கோப்பியைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, அது நாய்."

"நாய்தான். ஆனால் அது குறிக்கிறது..."

"பாண் போடப் போற வீடு. ஒவ்வொரு நாளும் குரைக்கும். எனக்கு இந்த நாட்டில குட்மோர்னிங் சொன்ன ஒரே ஆள். ஒருநாள் குரைக்கேல்லை. நான் வானை நிப்பாட்டிப்போட்டு அழுதனான்."

அவருடைய இலக்கியக் கொள்கை ஒரு மூச்சில் அடங்குவது. அதை இங்கே பதிவு செய்கிறேன், மறுப்பதற்கு எனக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை: "பாட்டுக்கு ஒரு நாய் வேணும், ஒரு தாய் வேணும், ஒரு வாகனம் வேணும். அதுக்கு மேல ஒண்டு வந்தா அது இலக்கியம். அதை உங்களிட்ட விட்டுடுறன்."

என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. அவர் இரண்டாவது அல்பம் செய்யவில்லை. முதல் படைப்பில் வென்றவன் இரண்டாவதில் சறுக்குவது இயற்கையின் ஏற்பாடு. சக கலைஞர்கள் ஒருவரை மன்னிப்பது அந்தச் சறுக்கலின்போதுதான். நான் பொறுமையாகக் காத்திருந்தேன். குகன் அந்த வாய்ப்பை எனக்குத் தரவேயில்லை. கேட்டால், "சொல்ல இருந்ததைச் சொல்லிப்போட்டன், பிறகென்ன அண்ணை?" என்பார். பதினொரு புத்தகம் எழுதியவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது?

இத்தனைக்கும் நான் ஏன் ஞாயிறு தவறாமல் போனேன் என்று கேட்பீர்கள். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அந்த நாலாவது பாட்டின் வரி எங்கிருந்து வந்தது? பிள்ளையும் இல்லை, மனைவியும் இல்லை, அந்த மனிதனுக்கு அந்த வரியைக் கொடுத்தது யார்? அது தெரிந்தால் நானும் அங்கே போய் ஒன்று எடுத்து வரலாம் என்ற நினைப்புத்தான். மூன்றாவது பாட்டிலிருந்து அவர் நேரே ஐந்தாவதுக்குத் தாவினார். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று ஒவ்வொன்றாக முடிந்தன. நாலாவதைக் கேட்டபோதெல்லாம் சிரித்தார்.

"அதைச் சொன்னால் நீங்கள் பிறகு வரமாட்டியள், அண்ணை."

இந்தக் கோடையின் தொடக்கத்தில், சொல்ல வேறெதுவும் மிஞ்சாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரே தொடங்கினார்.

"நீங்கள் முந்தி இருந்த அப்பார்ட்மென்ற் ஞாபகம் இருக்கோ? ஒன்பதாம் மாடி."

இருந்தது. மகளுக்கு அப்போது மூன்று நாலு வயது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வரவேற்பறையில் இலக்கியச் சந்திப்பு நடத்தினோம். கவிதை வாசிப்போம், சண்டை பிடிப்போம்.

"பக்கத்து வீட்டில ஆறேழு பெடியள் இருந்தவங்கள், தெரியுமோ?"

பெடியள் இருந்தார்கள் என்று தெரியும். முகங்கள் தெரியாது. நான் இலக்கியத்தில் இருந்தேன்.

"அதில ஒராள் நான். ஹோலுக்குள்ள, உங்கட சுவரோட என்ர மெத்தை. விடிய நாலு மணிக்குப் பாண் வான் எடுக்க வேணும், அதால வெள்ளண்ணப் படுத்திடுவன். நீங்கள் தொடங்குவியள். அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உங்கட கவிதை சுவரைத் தாண்டி நல்லாக் கேக்கும், ஆனால் விளங்காது. பிறகு உங்கட வீட்டு அக்கா வந்து ஒண்டு சொல்லுவா. அது மெல்லமாத்தான் கேக்கும். ஆனால் விளங்கும்."

நான் கோப்பியைக் கீழே வைத்தேன்.

"'பிள்ளை நித்திரை, மெல்லக் கதையுங்கோ.' ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதுக்காகத்தான் காத்துக்கொண்டு கிடப்பன். அக்கா சொன்னால் நீங்கள் ஒரு அஞ்சு நிமிசம் அடங்குவியள். அதுக்குள்ள நான் நித்திரையாப் போயிடுவன். இஞ்ச வந்த புதுசு. எனக்காக ஆரும் ஒராளைச் சத்தம் போடாதை எண்டு சொல்ல இல்லைத்தானே. அக்கா என்னையும் சேர்த்துத்தான் சொல்லுறா எண்டு நினைச்சுக்கொள்ளுவன்."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"உமக்குத் தெரியுமோ உது?"

"ஓம். லிஃப்ட்டில காணுறனான். நல்ல பிள்ளை, 'அக்கா' எண்டுதான் கதைக்கும். வெளியீட்டில கண்டவுடன ஆளை மட்டுக்கட்டிட்டன், அந்தப் பெடியன்தான் எண்டு."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே. மேடையில ஏறி நிண்டு, அது வீட்டில பெண்கள் சொல்லுறது எண்டு சொன்னனீங்கள். இவர் சரியாத்தானே கண்டுபிடிச்சிருக்கிறார் எண்டு நினைச்சன்."

குகன் சொன்னது பலித்தது. அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. பனி கொட்டுகிறது என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். ஜூன் மாதம். அவர், "கவனமா இருங்கோ அண்ணை, றோட்டு வழுக்கும்" என்று பதில் போட்டார். இப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதற்கடுத்த ஞாயிறு போனேன். எனக்கும் சேர்த்துக் கோப்பி வாங்கி வைத்திருந்தார்.

"என்ர ஏற்புரை முடிஞ்சுது. இனி உங்கட முறை. பதினொரு புத்தகம் எழுதியிருக்கிறியள். எது எங்கயிருந்து வந்தது எண்டு சொல்லுங்கோ. நான் கேக்கிறன்."

நான் யோசித்தேன். முதல் புத்தகத்திலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். என் புத்தகங்கள் எல்லாம் வேறு புத்தகங்களிலிருந்து வந்திருந்தன. "அடுத்த கிழமை சொல்லுறன், தம்பி" என்றேன். "அவசரமில்லை, அண்ணை" என்றார். அடுத்த கிழமைக்கு முன்னர்தான் நான் கராஜுக்குள் நின்று அந்தத் தொலைபேசிச் செய்தியைக் கேட்டேன்.

நம்மவர்கள் ஒரு வாழ்க்கைக்கு எழுதும் கடைசி விமர்சனம் வாகனத் தரிப்பிடத்தில்தான் இருக்கிறது. குகனின் இறுதி நிகழ்வுக்கு வந்த வாகனங்கள் தரிப்பிடம் நிறைந்து, தெருவை நிறைத்து, பக்கத்துப் பிளாசாவையும் பிடித்துக்கொண்டன. தெருவோரம் பாரவண்டிகள் வரிசையாக நின்றன. என் இறுதி நிகழ்வுக்கு வருபவர்களுக்கு அந்தச் சிரமம் இராது என்று இப்போதே உறுதியளிக்கிறேன். பெட்டிக்குள் வைத்த தொப்பியை என்ன செய்வதென்று ஐயருக்குத் தெரியவில்லை. கடைசியில் அதற்கும் ஒரு பூப் போட்டார். பெட்டியை மூடும் நேரம் பின்வரிசையில் யாரோ அந்தப் பாட்டைத் தொடங்கினார்கள். பிறகு எல்லோரும் பாடினார்கள். கலியாண மண்டபங்களில் கத்தித் தீர்த்த அதே அங்கிள்மார், முதற்தடவையாக, அந்தப் பாட்டை அது கேட்டுக்கொள்ளும் அளவில், மெல்லப் பாடினார்கள். எனக்குப் பக்கத்தில் மனைவி பாடவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு எல்லா வரிகளும் பாடமாக இருந்தன.

தொப்பி அவரோடு போய்விட்டது. கிற்றார் மொன்றியலில் இருக்கும் தங்கையின் மகனுக்குப் போகிறது. பாட்டு ஊருக்குச் சொந்தம், அதில் எனக்கு வழக்கில்லை. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். அந்த வரியைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டவர் குகன். ஆனால் வெள்ளிக்கிழமை தோறும், வருடக்கணக்காக, அது சொல்லப்பட்டது எனக்கு. இதை மட்டும் நான் அவருக்கு விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இதை எழுதி முடித்ததும் அஜக்ஸில், மகளின் சமையலறையில், மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பக்கத்து அறையில் பேத்தி நித்திரை. மனைவி கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கடைசி வரை அவள் அந்த வரியைச் சொல்ல வேண்டி வரவில்லை.