ஐந்தரை மணிக் குரல்

ஆட்சியைக் கவிழ்த்தவர்கள் என்று எத்தனையோ பேரைப் பாடப் புத்தகத்தில் படம் போட்டு வைத்திருக்கிறார்கள். என் பெரியம்மாவைப் போடவில்லை. அது அந்தப் புத்தகத்தின் குறை. படை இல்லை, குதிரை இல்லை. கையில் ஒரே ஒரு பென் டிரைவ். அதை வைத்துக்கொண்டு நானூற்றுச் சொச்சம் ஆட்சிகளைக் கவிழ்த்திருக்கிறார். அதில் பாதி மதியச் சாப்பாட்டுக்கு முன்பே. உலகத்து மன்னர்கள் அத்தனை பேரும் அவர் பெயரைக் கேட்டு நடுங்கியிருக்க வேண்டும். நடுங்காததற்குக் காரணம், பெரியம்மா கம்ப்யூட்டரோடு நிறுத்திக்கொண்டதுதான்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் வாங்கும்போதே உள்ளே ஒரு சிஸ்டம் குடியிருக்கும். ஐந்தாறு வருடத்தில் அதற்குத் தொந்தி விழுந்துவிடும். சுமக்கிற மெஷினுக்கு மூச்சு வாங்கும். பெரியம்மா அந்தக் குடித்தனக்காரரைச் சட்டி பானையோடு காலி செய்துவிட்டு, காசு கேட்காத லினக்ஸைக் குடிவைப்பார். குப்பைக்குப் போக இருந்த லேப்டாப் அன்று சாயங்காலமே எழுந்து ஓடும். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே ஒரு அறைதான் அவர் கடை. போர்டில் ‘கணினி சர்வீஸ்’ என்று இருந்தாலும் தெருவில் எல்லோருக்கும் அவர் ‘துடைக்கிற அம்மா’தான். ஏனென்றால் சும்மா அழிக்க மாட்டார். டிஸ்க் முழுவதையும் பூஜ்யங்களால் நிரப்பித் துடைப்பார். அப்புறம் யார் தலைகீழாக நின்றாலும் பழையது ஒரு எழுத்துகூடத் திரும்பி வராது.

அவரிடம் இரண்டு கண்டிப்புகள் உண்டு. நகல் எடுத்ததை வேறொரு மெஷினில் திறந்து பார்க்காமல் எதையும் துடைக்கக் கூடாது. அடுத்தது, ‘எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா?’ என்று திரை கேட்கும்போது பெரியம்மா இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். அந்தக் கடைசி பட்டனை மெஷினுக்குச் சொந்தக்காரர்தான் அமுக்க வேண்டும். ஒரு தையல்காரர் விரலைத் தூக்கிக்கொண்டே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

“நீங்களே அமுக்கிடுங்கம்மா. எனக்குக் கை நடுங்குது.”

“ஊசி கோக்குற கைதானே? அமுக்குங்க.”

“அது வேற, இது வேறம்மா.”

“அதான் சொல்றேன். அமுக்குங்க.”

பெரியப்பா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். நாங்களும் அவர்களும் ஒரே வீடு. மைக்கில் ஒரு சொல்லின் எதிரொலி அடங்கிய பிறகுதான் அடுத்த சொல்லைச் சொல்ல வேண்டும். அப்படியே பழகி, அந்தப் பேச்சு வீட்டுக்கும் வந்துவிட்டது. “உப்பு... எங்க... இருக்கு?” என்பார். “மூணாவது பிளாட்பாரத்துல, பெரியப்பா” என்பேன். அவருக்குக் கோபமே வராது. அதனாலேயே அவரைக் கிண்டல் செய்வதில் எனக்குப் பாதி ருசி போய்விடும்.

நாள் முழுக்கத் திரையையே பார்த்துப் பெரியம்மாவுக்குக் கண் எரியும். சொன்னால் கேட்க மாட்டார். கடையை மூடிவிட்டு வந்து வீட்டிலும் உட்கார்ந்துவிடுவார். பெரியப்பா பார்த்தார். தன் லேப்டாப்பில் தன் குரலைப் பதிந்து, தினமும் ஐந்தரைக்குப் பேசும்படி வைத்துவிட்டார்: “கண்ணாடியக்... கழட்டு. பத்து... நிமிஷம்... கண்ண மூடு.”

இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சு வலி என்று ஆட்டோவில் ஏறிப் போனவர் திரும்பி வரவில்லை. அவரை எடுத்த மறுநாள் வீடு நிறைய ஆட்கள். ஐந்தரை மணி. மூலையில் மேசைமேல் இருந்த லேப்டாப்பிலிருந்து, “கண்ணாடியக்... கழட்டு.”

அம்மா கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. சித்தப்பா செருப்புகூடப் போடாமல் தெருவுக்குப் போய்விட்டார். பெரியம்மா மட்டும் கண்ணாடியைக் கழற்றி, கண்ணை மூடி, பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து அந்த லேப்டாப்பை அவர் அணைத்ததே இல்லை. இரண்டு வருடம். யாரும் இல்லாத அறையில் அதன் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும்; யாரோ மல்லாந்து படுத்து மூச்சு விடுகிற மாதிரி. எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவராமல் போனதால் பகல் முழுக்க நான் வீட்டில்தான். சித்தப்பாவின் சட்டைப் பையில் ரப்பர் பல்லி போடுகிற ஆள் நான். பயமுறுத்துவது என் தொழில். ஆனாலும் அந்த அறையைத் தாண்டும்போது மட்டும் நடை தானாகவே கொஞ்சம் வேகமாகும்.

போன மாதம் அந்தக் குரல் திக்க ஆரம்பித்தது. “கண்ணா... கண்ணா... கண்ணா... கண்ணா...” பதினேழு தடவை எண்ணினேன். அம்மா ஓடிவந்து வாசற்படியில் நின்றுவிட்டாள்.

“அக்கா, அவர் உன்னக் கூப்பிடுறாரு.”

“என்னிக்குடி அவர் என்னைக் கண்ணான்னு கூப்பிட்டாரு? சிஸ்டம் தாங்கல.”

மறுநாள் மெஷின் உறைந்துவிட்டது. விசிறி மட்டும் ஓடியது; நான்கு தடவை தட்டி எழுப்பியதும்தான் திரை எழுந்தது. அந்தப் பழைய சிஸ்டத்துக்கு இனிமேல் அப்டேட் என்கிற மருந்து மாத்திரை வராதாம். ஒருநாள் படுத்தால் அப்படியே போய்விடுமாம். புதியதைப் போட்டு அதில் குரலை ஏற்றிவிட்டால் இன்னும் பத்து வருடம் பேசும். பெரியம்மா முடிவு செய்துவிட்டார்.

போட்டோக்களையும் கடிதங்களையும் அவரே நகல் எடுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். “வாலு, அந்தக் குரல மட்டும் நீ எடுத்துடு.”

“ஏன், நீங்க எடுக்கலையா?”

“சொன்னதச் செய்டி.”

நானூறு பேருக்கு நகல் எடுத்துக் கொடுத்த கை, அந்த ஒன்றின்மேல் போகவில்லை. திரையில் ‘ஐந்தரை’ என்று ஒரு சின்னப் படம் இருந்தது. மூலையில் பொடியாக ஓர் அம்புக்குறி. அதை பென் டிரைவில் போட்டேன். பென் டிரைவிலிருந்தே திறந்து பார்த்தேன். பெரியப்பா பேசினார்.

“திறந்து பாத்தியா?”

“பாத்தேன்.”

“வேற மெஷின்ல?”

“பாத்தேன்.”

முதலில் சொன்னது உண்மை, இரண்டாவது பொய். வேறு மெஷின் அடுத்த அறையில்தான் இருந்தது. ஒரே நாளில் இரண்டு தடவை அந்தக் குரலைக் கேட்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

‘எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா?’ என்று திரை கேட்டது. பழக்கதோஷத்தில் பெரியம்மா இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சொந்தக்காரர் அமுக்கட்டும் என்று காத்திருந்தார். விசிறி ஓடியது. ரொம்ப நேரம் கழித்து, தன் கையைத் தானே பார்த்துவிட்டு, மெதுவாக எடுத்து அமுக்கினார். துடைத்து முடிந்து மெஷின் ஒருமுறை அணைந்தபோது, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த அறையில் மூச்சுச் சத்தம் நின்றது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

புதிய சிஸ்டம் வந்தது. பெரியம்மா டீ போடப் போன நேரத்தில் பென் டிரைவைச் செருகித் திறந்தேன். ஒன்றும் இல்லை. மறுபடியும் திறந்தேன். அப்புறம்தான் அந்த அம்புக்குறிக்கு அர்த்தம் புரிந்தது. நான் எடுத்தது குரல் இல்லை. குரல் எங்கே இருக்கிறது என்று எழுதிவைத்த சீட்டு. பழைய மெஷினிலேயே திறந்ததால் அது சரியான இடத்துக்குப் போய்க் குரலைக் கொண்டுவந்தது. இப்போது அந்த இடமே பூஜ்யம். வீட்டை இடித்துவிட்டு விலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஐந்தரைக்குப் பெரியம்மா மெஷின் முன் வந்து உட்கார்ந்தார்.

“எங்கடி?”

“சவுண்டு ஏதோ ஒத்துக்கல, பெரியம்மா. நாளைக்குச் சரி பண்ணிடுறேன்.”

“ம்.”

அன்று அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. சாப்பிட எழுந்தபோது கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம், அவர் கடையில் இருந்த நேரத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். அங்கேதான் பேருந்து நிலையம் மாதிரி எதிரொலிக்கும். பெரியப்பா மாதிரி பேச என்னைவிட்டால் ஆள் கிடையாது. எத்தனை வருடப் பயிற்சி! ஆனால் நடுவில் சிரிப்பு வந்து வந்து கெட்டுப்போய், பதினோராவது தடவைதான் ஒழுங்காக வந்தது. மற்ற பத்தையும் அழித்தேன். பதினோராவதின் வேகத்தைக் குறைத்தேன். குறையக் குறைய என் குரல் தடித்தது. ஓரிடத்தில் வந்ததும் எனக்கே முதுகு சில்லிட்டது. உடனே நிறுத்திவிட்டு, ஐந்தரைக்குப் பேசும்படி வைத்தேன்.

ஐந்தரை. “கண்ணாடியக்... கழட்டு. பத்து... நிமிஷம்...” அதற்குப் பின்னால் இன்னொன்று. நீளமான, கனத்த முனகல். கிணற்றின் அடியிலிருந்து யாரோ மேலே வர முடியாமல் கத்துகிற மாதிரி.

அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, பின்னாடி யாரோ அழுவுறாங்கக்கா.”

“கேக்குது” என்றார் பெரியம்மா. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துக் கண்ணை மூடினார். விரல்கள் மட்டும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

நான்கு நாள் இதே கதை. அம்மா அந்த அறைக்குப் பெருக்கக்கூடப் போகவில்லை. சித்தப்பா சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். வேறு சமயமாக இருந்தால் நான் இதைக் கொண்டாடியிருப்பேன். ஆனால் அந்த முனகலை நான் பதியவில்லை. மாடிப்படியில் நான் ஒருத்திதான் இருந்தேன், முனகவே இல்லை. பேயைச் செய்தவளே நான். நான் செய்த பேய்க்குள் இன்னொன்று எப்படி வந்து உட்கார்ந்தது? போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, துடைத்ததற்குக் கோபமா பெரியப்பா, பொய் சொன்னது நான்தானே, அவங்கள எதுக்குப் பயமுறுத்துறீங்க, என்று உள்ளுக்குள்ளேயே கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் பெரியம்மா சீக்கிரமே வந்துவிட்டார். மெஷின் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் என்னவோ செய்துகொண்டிருந்தார்.

“வாலு, இங்க வா. இதக் காதுல மாட்டு.”

மாட்டினேன்.

“என்ன கேக்குது?”

“பெரியப்பா.”

“அப்புறம்?”

“அந்த முனகல்.”

“எனக்கும் மூணு நாளா தூக்கம் இல்லடி” என்று சொல்லிக்கொண்டே வேகத்தைக் கூட்டினார். முனகல் மெலிந்தது. இன்னும் கூட்டினார். கிணற்றடியிலிருந்து மேலே வந்தது, வந்தது, கடைசியில் வீல் என்று ஒரு கைக்குழந்தையின் அழுகையாக வந்து நின்றது. மத்தியானம் மூன்று மணிக்குப் பாலுக்காகத் தெருவையே கூட்டுகிற கீழ்வீட்டுக் குழந்தை. தினமும் கேட்டுப் பழகியதால், பதியும்போது அது என் காதில் ஏறவே இல்லை. அதற்கு முன்னால், கொசு மாதிரி, என் குரல்.

“கீழ்வீட்டுக் குழந்தைக்கு எத்தன மாசம்?”

“அஞ்சு.”

“உங்க பெரியப்பா போயி?”

காதிலிருந்ததைக் கழற்றினேன். அம்புக்குறி, சீட்டு, பொய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பென் டிரைவை வாங்கிச் செருகி, அந்தச் சின்னப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“போச்சு” என்றார். திட்டினால் தேவலை என்று இருந்தது. திட்டவில்லை.

“எப்பத் தெரிஞ்சுது பெரியம்மா?”

“நேத்து.”

“அப்ப நேத்து ஏன் கண்ணாடியக் கழட்டினீங்க?”

“கண்ணு எரிஞ்சுது.”

அப்புறம் திரையை என் பக்கம் திருப்பினார். குப்பைத் தொட்டியைத் திறந்திருந்தார். நான் அழித்த பத்தும் அங்கே வரிசையாக இருந்தன. ஊர் முழுக்கத் துடைக்கிறவர் வீட்டில், குப்பைத் தொட்டியைக் காலி செய்யாமல் விட்டிருக்கிறேன்.

“எதுக்குடி இத்தன தடவ?”

“சிரிப்பு வந்துடுச்சு பெரியம்மா. சிரிச்சுச் சிரிச்சே கெட்டுப்போச்சு.”

“அப்படியா” என்று ஏழாவதைத் திறந்து, சத்தத்தைக் கூட்டி வைத்தார். “கண்ணாடியக்...” என்று தொடங்கி நின்றது. அப்புறம் எதிரொலி மட்டும். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அது நிற்கவே இல்லை. அதற்கு நடுவில், ரொம்பச் சின்னதாக, “பெரியப்பா” என்று ஒரு குரல். அது முழுவதும் ஓடி முடியும்வரை பெரியம்மா அசையவில்லை.

“இதுல எங்கடி சிரிக்கிற?” என்றார்.