மஞ்சள் பட்டுக் கரைந்த தபால்தலை

அக்கா அவர்கள் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அக்காவின் மகள் கேட்டாள். நல்லது எழுத யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் உடன்பிறந்த தம்பியாக நான் எழுத வேண்டியது வேறொன்று இருக்கிறது. பயத்தில் மூன்று நாளாக அதற்குக் கை வரவில்லை.

அக்கா பிறந்தது விராலிமலைக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரி ஊர். அப்பா காலமானபோது அக்காவுக்குப் பதினேழு வயது, எனக்கு ஒன்பது. களையெடுக்கப் போய்க்கொண்டே படித்து, தேர்வெழுதி, தபால் இலாகாவில் சேர்ந்தார்கள். என்னைப் படிக்க வைத்ததும் எனக்குப் பெண் பார்த்ததும் அவர்கள்தான். அத்தான் விபத்தில் போன பிறகு ஒற்றை ஆளாக மகளையும் ஆளாக்கினார்கள். பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நிற்பார்கள். மேலதிகாரி முன்னால் அவர்கள் குரல் தாழ்ந்ததில்லை. நான் நேர்மாறு. பல்லியை வெறுங்கையால் பிடிப்பேன், காக்கிச் சட்டையைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

என் மகள் கல்யாணத்தின்போது அக்கா புதுக்கோட்டையில் ஒரு தபால் நிலையத்தில் இருந்தார்கள். ஓய்வுக்கு நான்கு மாதம் இருந்தது. அந்தச் சமயத்தில் பஸ் நிறுத்தத்தில் ஒருவன் என்னிடம் தபால்தலைகளைத் தாள் தாளாகப் பாதி விலைக்குக் கொடுத்தான். "கவுண்டர்ல காட்டாதீங்கண்ணே, பெட்டியில போட்டுருங்க" என்றான். போலி என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரியாதவன்போல் வாங்கி வந்தேன்.

பத்திரிகை உறையின் நான்கு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துத் தடவிக் காயவிட்டு, அப்புறம்தான் தபால்தலை ஒட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். அவசரத்தில் நான் ஒட்டிவிட்டுத் தடவினேன். ஈர மஞ்சள் தபால்தலை மேலும் பட்டது. அதைக் கவனிக்காமல் அடுக்கி எடுத்துப்போய், நம்ம அக்கா ஆபீஸ்தானே என்று அங்கேயே பெட்டியில் போட்டேன்.

மறுநாள் காலை அக்கா போன் செய்தார்கள். "கெளம்பி வா. யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத."

போனபோது என் உறைகள் மேசைமேல் கிடந்தன. ஒன்றில்கூட முத்திரை விழவில்லை.

"நல்ல ஸ்டாம்புல ஈரம் பட்டா இப்புடி ஓடாதுடா. இங்கிட்டுப் பாரு, செவப்பு மை மஞ்சளோட கலந்து கெடக்கு" என்றார்கள். கவுண்டரிலிருந்து நல்ல தபால்தலை ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியை என்னிடம் தந்தார்கள். நல்லதில் எழுத்து நறுக்கென்று இருந்தது. என்னுடையதில் ஓரமெல்லாம் புள்ளி புள்ளியாகச் சிதறியிருந்தது. விளிம்புத் துளைகளில் பாதி சரியாகத் திறக்கவே இல்லை. பிறகு ரூபாய் நோட்டுச் சோதிக்கும் நீல விளக்கின் அடியில் இரண்டையும் வைத்தார்கள். நல்லது மங்கிக் கிடந்தது. என்னுடையது சலவை வேட்டிபோல் பளீரென்று ஒளிர்ந்தது.

"தெரிஞ்சு வாங்குனியா, தெரியாம வாங்குனியா?"

"தெரியாதுக்கா."

என் முகத்தைப் பார்த்தார்கள். "மேல எழுதப்போறேன். ஒன் பேரையும் எழுதுவேன். தெரியாம ஏமாந்துட்டான்னு நானே கையெழுத்துப் போடுறேன். என் வேலையே இந்தக் கையெழுத்துலதான் நிக்கிது, தம்பி."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஜெயில் கண்முன் நின்றது. தலையை மட்டும் ஆட்டினேன்.

விசாரணை மாதக்கணக்கில் நடந்தது. தம்பிக்காக இதற்கு முன் எத்தனை தடவை கண்ணை மூடிக்கொண்டீர்கள் என்று அக்காவையே கேட்டார்களாம். வாசலில் பைக் சத்தம் கேட்டாலே நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வேன். மகள் கழுத்தில் தாலி ஏறும்போதுகூட மண்டபத்து வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா ஓய்வு பெற்ற நாளில் விசாரணை முடிந்திருக்கவில்லை. மாலை மரியாதை இல்லாமல், டிபன் பாக்ஸோடு தனியாகப் பஸ் ஏறி வந்தார்கள். பிற்பாடு இருவர் மேலும் தவறில்லை என்று முடித்தார்கள், அக்காவின் கையெழுத்தை நம்பி. என் பயம் மட்டும் முடியவில்லை.

கடைசி நாட்களில் திருச்சி ஆஸ்பத்திரியில், ஒரு மத்தியானம், அக்கா என் கையைப் பிடித்தார்கள். "இனிமே யாரும் கேக்கப்போறதில்ல. எனக்காகச் சொல்லு. ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா" என்றேன்.

"சரிப்பா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை அக்கா இல்லை.

இரவு பகல் பார்க்காமல் கவனித்த செவிலியர்களுக்கும், விசாரணைக் காலத்தில் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்ட அலுவலகத் தோழிக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இம்மலரின் உறைகளுக்குத் தபால்தலை நானே கவுண்டரில் நின்று வாங்கினேன். இருந்தும் ஒவ்வொன்றையும் ஈர விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டினேன். இதைப் படித்த பிறகு உங்கள் வீட்டு வாசலை மிதிக்க விடுவீர்களோ மாட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது.

அக்கா, ரெண்டு தடவ கேட்டீங்க. தெரியும்க்கா. தெரிஞ்சுதான் வாங்குனேன்.