இன்டர்லாக் வாசித்த ஞாயிற்றுக்கிழமைகள்

புதுத் துணி ரோலுக்கு ஒரு வாசனை உண்டு. லேசாக எண்ணெய், லேசாகப் பஞ்சு... மூக்கில் ஏறினால் தும்மல் வரும். எனக்கு அந்த வாசனை வந்தால் கூடவே சாக்ஸபோன் சத்தமும் கேட்கும்.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனி குடோனில் ஞாயிறுதோறும் மூன்று பேர் ஜாஸ் வாசித்தார்கள். சாக்ஸபோன், கல்யாண பேண்டு செட்டில் வாசிக்கும் சேவியர் மாமா. கீபோர்டு, அந்தக் கம்பெனியில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக இருந்த கலைவாணி அக்கா. டிரம்ஸ், எங்க அப்பா. அதே கம்பெனியில் துணி பின்னும் நிட்டிங் மெஷின்களைச் சரிபார்க்கும் பிட்டர். அப்பாவின் மெஷினில் ஓடும் ஒரு வகைத் துணிக்கு இன்டர்லாக் என்று பேர். அதையே குழுவுக்கும் வைத்துக்கொண்டார்கள்.

ஜாஸ் என்றால் என்ன என்று யாரும் எனக்கு விளக்கியதில்லை. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்... மாமா ஒரு மெட்டை ஆரம்பிப்பார். அக்கா அதைப் பிடித்து வேறு பக்கம் இழுப்பார். அப்பா இரண்டு பேரையும் விட்டுவிட்டுத் தனியே எங்கோ போவார். இனி வரமாட்டார் என்று நாங்கள் பயப்படும்போது சரியாக வந்து சேர்ந்துகொள்வார்.

ஒரு தடவை வாசித்தது மறுபடி வராது.

ரசிகர்கள் என்று நாங்கள் ஒரு பத்துப் பேர் இருப்போம். ரோல்கள் மேலேதான் உட்காருவோம். வாசித்ததற்குப் பேர் வைப்பது எங்கள் வேலை. அதற்கு ஒவ்வொரு வாரமும் பெரிய சண்டை நடக்கும்.

"இதுக்கு 'லாரி ரிவர்ஸ்'னு வெய்யுங்க" என்பார் செக்கிங்கில் இருந்த ரேவதி அக்கா.

"நஹி அக்கா, இது டிரெயின்! எங்க ஊரு போற டிரெயின்" என்பார் பேக்கிங்கில் இருந்த பிரமோத் அண்ணன். பீகார்க்காரர்.

"ஆமாங்க, ரிசர்வேஷன் இல்லாத டிரெயினாட்டத்தான் இருந்துச்சு" என்று சேவியர் மாமாவே சாக்ஸபோனைத் துடைத்துக்கொண்டு சொல்வார்.

ஒரு ஞாயிறு மேனேஜர் வந்தார்.

"ஏனுங்க பிட்டரே, குடோன்ல புது ஆர்டருக்கு ரோல் அடுக்கோணுங்கறாங்க. ஒண்ணு பண்ணுங்க. ஆண்டு விழாவுல வாசிங்க. மொதலாளிக்குப் புடிச்சுப்போச்சுன்னா ரோல வேற எடத்துல போட்டுக்கலாம்."

வேறு இடம் எங்களுக்குக் கிடையாது. வீட்டில் அப்பா டிரம்ஸைத் தொட்டாலே பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்பார்.

ரசிகர்கள் கூடிப் பேசினோம். எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால், நாங்கள் மட்டும் கைதட்டுவது தெரிந்துவிடும். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தட்டினால் மொத்தக் கூட்டமும் தட்டும். இது ரேவதி அக்காவின் யோசனை.

பலித்தது! ஆண்டு விழாவில் முதல் வாசிப்பு முடிந்ததும் எல்லாப் பக்கமிருந்தும் கைதட்டல் கிளம்பியது. முதலாளி கூடத் தலையாட்டினார். பிரமோத் அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்காலி மேல் ஏறிவிட்டார்.

"ஒன்ஸ் மோர்!"

கூட்டமும் பிடித்துக்கொண்டது. ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர்... ரேவதி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

மேனேஜர் மேடையோரம் ஓடினார். "அதையே இன்னொருக்கா வாசிச்சுருங்க. மொதலாளி கேக்கறாருங்க."

மாமா முதல் வரியை ஊதினார். நிறுத்தினார். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா மைக்கைப் பிடித்தார்.

"மன்னிச்சுக்குங்க... அது போயிருச்சுங்க. வேற ஒண்ணு வருதான்னு பாக்கறோம்."

காமெடி என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது.

வேறு ஒன்று வந்தது. மெதுவாக, நிறைய இடைவெளி விட்டு. அந்த நேரம் பார்த்துப் பிரியாணி கவுண்டரைத் திறந்தார்கள். பின்வரிசை எழுந்தது. நடுவரிசை எழுந்தது. கொஞ்ச நேரத்தில் முதலாளியும் எழுந்து போனார். பந்தல் முழுக்கக் காலி நாற்காலிகள். நடுவே அங்கொருவர் இங்கொருவராக நாங்கள் மட்டும், பிரிந்து உட்கார்ந்த அதே இடங்களில். சேர்ந்து உட்காரலாம் என்று யாரும் எழவில்லை. நாற்காலி நகர்ந்தால் கூட அந்த இசை கலைந்துவிடும் போலிருந்தது. பிரமோத் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

அவர்கள் அவ்வளவு நன்றாக வாசித்து நான் கேட்டதில்லை. அதற்கு மட்டும் நாங்கள் பேர் வைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு குடோனில் கூரை வரை ரோல்.

கலைவாணி அக்கா இப்போது பெங்களூரில் இருக்கிறார். மாமா கல்யாணங்களில் வாசிக்கிறார். பிரமோத் அண்ணன் ஊருக்கே போய்விட்டார். நான் பிளஸ் ஒன். உலகத்து ஜாஸ் எல்லாம் போனில் கிடைக்கிறது. எத்தனை முறை போட்டாலும் அதே இடத்தில் அதே மூச்சு. நன்றாகத்தான் இருக்கிறது... முடிந்ததும் சண்டை போட ஆள் இல்லை.

போன வாரம் அப்பாவிடம் கேட்டேன். "அன்னிக்கு ஏதோ அதே மாதிரி வாசிச்சு ஒப்பேத்தியிருந்தா குடோன் கெடச்சிருக்குமில்லீங்கப்பா?"

"கெடச்சிருக்குங் கண்ணு" என்றார். சிரித்தார்.

"அப்புறம் பிரமோத்து எதுக்குப் பிரியாணிய உட்டுப்போட்டு உக்காந்திருப்பான்?"