பழைய போனுக்குள் என் வாய்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை மற்றவர்கள் சொன்னால் சண்டைக்குப் போவேன். நானே சொல்லிக்கொள்வதில் தப்பில்லை.

நோர்வூட்டுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய இரண்டு வீட்டுக் காம்பராக்களுக்கு நடுவே நிற்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் கடுகு தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். அதனால் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் என் கணவரிடம் மனம்விட்டுப் பேச நான் ஒரு வழி வைத்திருந்தேன். காம்பராவுக்குள் சிக்னல் கிடையாது. பின்னேரம் சமைத்து முடித்ததும் போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு, மெதுவாகப் பேசிப் போனில் பதிந்து வைப்பேன். மறுநாள் கொழுந்தெடுக்கப் போகும்போது, மேல்மலையில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று அனுப்பிவிடுவேன்.

பேச்சில் முக்கால்வாசி பக்கத்துக் காம்பரா அக்காவைப் பற்றியதுதான். அவர் சுடும் ரொட்டியால் ஆணி அடிக்கலாம். அவர் சடை பின்னினால் என் மகளுக்குக் கண்ணே மேலே ஏறிவிடும். அவர் சிரிப்பதோ, கொழுந்து லொறி மேட்டில் ஏற முடியாமல் முக்குவது போல. அதை நடித்தே காட்டியிருக்கிறேன். இத்தனைக்கும் நான் மலைக்குப் போனால் என் நாலு வயது மகளைப் பார்த்துக்கொள்வது அந்த அக்காதான். வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டால் அவள் தோட்டமே திரும்பிப் பார்க்க அலறுவாள். அக்கா முகம் திருப்பினால் எனக்கு வேலை இல்லை.

போன மாதம் புதுப் போன் வந்ததும், பழையதை டவுனில் ஒரு போன் கடையில் விற்றேன்.

"உள்ளுக்கு இருக்கிறதெல்லாம் அழிச்சிட்டீங்களா? நான் அழிச்சித் தரவா?" என்று கடைக்கார நானா கேட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நம்ம போனை நோண்டப் பார்க்கிறாரே இந்த மனுஷன்!

"அதெல்லாம் சிம்மோட வந்துரும் நானா, எங்களுக்கும் தெரியும்" என்று சொல்லி, சிம்மை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன். பெரிய கெட்டிக்காரி!

ஒரு கிழமை கழித்து, ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் தேத்தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல்: "ரொட்டியாங்க அது? ஆணி அடிக்கலாம்ங்க!" யாரடா இவள், நம்மைப் போலவே பேசுகிறாளே என்று காதைக் கொடுத்தேன். அடுத்தாற்போல் அதே குரலில் லொறி மேடேறத் தொடங்கியது.

என் குரலேதான்! தேத்தண்ணீரை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினேன். அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் என் பழைய போன். மூலை விரிசலுக்கு நான் பூசிய சிவப்பு நகப்பூச்சுகூட அப்படியே இருந்தது. என் மகள் அவர் மடியில் இருந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"டவுன்ல வாங்கினேன் புள்ள. சாமிப் பாட்டு இருக்கான்னு அமுக்கினா நீ வாற" என்றார்.

"அக்கா, சாமி சத்தியமா, அது வந்து..."

நாளைக்குப் பிள்ளையை எங்கே விடுவேன் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

"என்னத்துக்கு இப்பிடி முழிக்கிற? இதெல்லாம் அன்னன்னைக்கே கேட்டதுதான். உன் தொண்டைக்கு ஒரு போர்வை பத்துமா? மூணு வருஷமா இந்தச் செவுத்துக்கு இந்தப் பக்கம் நான்தானே இருக்கேன்."

மூன்று வருஷம்! அத்தனையையும் கேட்டுவிட்டு, ஒவ்வொரு நாள் காலையிலும் கதவைத் திறந்து என் பிள்ளையை வாங்கிக்கொண்டிருக்கிறார். செத்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது. அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

அக்கா போனை என் கையில் திணித்தார்.

"மூக்கத் தொடச்சிட்டு இதுகள அழிச்சிக் குடு. நாளைக்கு என் மவன் வாறான். அவன் கேட்டான்னா உன்கூடச் சண்டைக்கு வருவான். அப்புறம் நீ ரோசத்துல பாப்பாவ என்கிட்ட வுட மாட்ட."

அவருக்கு இருந்தது அந்த ஒரு பயம்தான்.

ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனேன். கடைசி ஒன்றுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த லொறிய மட்டும் வச்சிரு. பாப்பா சாப்பிட அடம் புடிச்சா போட்டுக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், லொறியேதான்.